பொட்டலத்தில் வெள்ளை அரளி

எங்கள் தெருவில் அந்த ஐப்பசி முழுக்க யாரும் யாரையும் நம்பவில்லை. பாலில் தண்ணீர், மாவில் சோடா என்று சில்லறைச் சந்தேகங்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. எங்களுடையது அந்த ரகமல்ல. பக்கத்து வீட்டில் புது மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டால், பழசு என்ன ஆச்சு, புதுசு எங்கிருந்து வந்தது என்று இந்தப் பக்கம் விசாரணை தொடங்கிவிடும். எனக்கு அப்போது நாலாம் வகுப்பு. பள்ளியில் துப்பறியும் கதை எதுவும் சொல்லித் தரவில்லை. தேவையும் படவில்லை, வீட்டிலேயே நடந்துகொண்டிருந்தது.

நாமக்கல்லிலிருந்து சேந்தமங்கலம் போகிற சாலையில், கோழித் தீவன வாசம் அடிக்கிற காற்றுக்கு நடுவே இருந்தது எங்கள் குடியிருப்பு. மனை போட்டு விற்றபோது நடுவில் ஒரு இடத்தைப் பூங்காவுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். பூங்கா என்று பெயரே தவிர அங்கே பூவும் கிடையாது, செடியும் கிடையாது. ஓரமாக ஒரு புங்க மரம், மற்றபடி வெறும் மண். ஆனால் அந்த வெறும் மண் இல்லாமல் எங்களுக்கு எதுவும் நடக்காது. லாரி வைத்திருக்கிறவர்கள் தார்ப்பாயை விரித்து ஓட்டை அடைப்பது அங்கேதான். காதுகுத்துக்கும் சாவுக்கும் பந்தல் போடுவது அங்கேதான். நான் சைக்கிள் பழகி முட்டியைப் பெயர்த்துக்கொண்டதும் அங்கேதான். மூன்று பக்கமும் வீடுகளின் மதில், ஒரு பக்கம் மட்டும் ஒரு லாரி நுழைகிற அளவுக்கு வழி.

ஒரு நாள் காலையில் பார்த்தால் மைதானத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் பூசிய கல் நட்டிருந்தது. மனை விற்றவரிடமிருந்து இடத்தை வாங்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு ஒரு புரோமோட்டர் வெள்ளைக் காரில் வந்து இறங்கினார். அடுக்குமாடி வீடு கட்டப் போகிறாராம். பூங்கா இடத்தை விற்க முடியாது என்று சொன்ன எங்கள் ஆட்களிடம் ரொம்ப மரியாதையாகச் சிரித்தார். சண்டைக்கு வந்திருந்தால்கூட எங்கள் தெரு தெம்பாக இருந்திருக்கும். அந்தச் சிரிப்புதான் எல்லோரையும் உலுக்கிவிட்டது.

உடனே சங்கம் உண்டாயிற்று. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தலைவர். லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்த அப்பா செயலாளர். தெருவிலேயே முதலில் மனை வாங்கியவர் அப்பா. பூங்கா என்று போட்ட பழைய வரைபடம் அவரிடம் மட்டும்தான் இருந்தது, அவர் பெயரில்தான் வழக்கும் போட முடியும் என்றார் வக்கீல். ஆகவே அப்பா கொஞ்ச நாள் கழுத்தை நிமிர்த்தியே நடந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் கூடிக் கல்லைப் பிடுங்குவது என்று முதல் கூட்டத்தில் முடிவானது. ஞாயிறு காலையில் கடப்பாரையோடு போனால், ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு தடியன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். சரி, திங்கட்கிழமை கலெக்டரிடம் மனுக் கொடுப்போம் என்று யாருக்கும் சொல்லாமல் கிளம்பினார்கள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் புரோமோட்டர் நின்றுகொண்டு, “வாங்க வாங்க, டீ சாப்பிட்டீங்களா?” என்று வரவேற்றார். மனுவை ஏதோ ஒரு மேசையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள்.

அன்றைக்குப் பிடித்தது சனி. தெருவுக்குள்ளேயே ஒரு ஆள் சேதி சொல்கிறான் என்று தெரிந்துபோயிற்று. கூட்டம் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு மாறியது. வருகிறவர்களின் செல்போன்களை ஒரு குண்டாவில் போட்டு மூடிக் கீழே சமையலறையில் வைத்தார்கள். உள்ளிருந்து ஏதாவது ஒன்று அடிக்க, யாருடையது என்று எல்லோரும் மாடிப்படியில் கழுத்தை நீட்ட, பாதிக் கூட்டம் அதிலேயே போய்விடும். கார்னர் வீட்டு அக்கா ஒருவர் இருந்தார். யார் வீட்டு வாசலில் யார் செருப்பு கிடக்கிறது என்பது அவருக்கு எப்போதும் மனப்பாடம். தெரு அதுவரை அவரைக் கண்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது மட்டும் தேடிப் போய் உட்கார்ந்தது.

அவர்தான் ஒரு நாள் சாயங்காலம் கேட்டைத் திறந்துகொண்டு வந்து அப்பாவிடம் சொன்னார். “ஏனுங்கண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க மச்சினரு பைபாஸ்கிட்ட அந்தாளு வெள்ளக் கார்லயிருந்து எறங்குனாரு. பால்காரரு பாத்துருக்காரு.”

மச்சினர் என்றால் என் மாமா, அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். போர் போடுகிற ரிக் வண்டியில் டிரைவராக ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றுவார். மழைக்காலத்தில் ரிக்குக்கு வேலை இருக்காது என்பதால் ஐப்பசியில் எங்கள் வீட்டோடு வந்து இருப்பார். திருச்செங்கோட்டு முதலாளியின் வண்டியை ஊருக்கு வெளியே நிறுத்தியிருப்பார். அவர் வந்தால் எனக்குத் தீபாவளி இரண்டு முறை வந்த மாதிரி. அந்த வருஷம் இன்னும் அமர்க்களம். கேட்காமலே என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விட்டார். கேட்காமலே கடலை மிட்டாய் வாங்கித் தந்தார். தெருக் குழாயில் தண்ணீர் வந்தால், அம்மா குடத்தைத் தொடுவதற்குள் வீட்டிலிருந்த எல்லா டிரம்மையும் நிரப்பிவிடுவார். இப்படி ஒரு மாமா யாருக்குக் கிடைக்கும் என்று நான் பெருமையாக நினைத்தேன்.

அம்மா நினைத்ததாகத் தெரியவில்லை. கொல்லைக் கதவில் சாய்ந்து நின்று அவர் தண்ணீர் ஊற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை கேட்டாள். “ஏன்டா, சொல்லாமயே இத்தன வேலை செய்யற?”

“சும்மா இருக்கறதுக்கு இது ஆகாதாக்கும்” என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

கார்னர் வீட்டு அக்கா சொன்னதை அப்பா மாமாவிடம் நேராகவே கேட்டார். வழியில் பார்த்தார், ஏறிக்கொள்ளச் சொன்னார், மழையாக இருந்தது, ஏறினேன் என்றார் மாமா. அப்பா நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தெரு நம்பவில்லை. மைத்துனனே அந்தப் பக்கம் என்றால் செயலாளர் எந்தப் பக்கம் என்ற கேள்வியும் பின்னாலேயே வந்தது. கடைசியில் தலைமையாசிரியரே வந்து, “உங்க ஊட்டு விவகாரம் தெளியற வரைக்கும் வழக்கு வேண்டாமுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா இல்லாமல் வழக்கு இல்லை. வழக்கு இல்லாமல் மைதானம் இல்லை.

அன்று இரவு சாப்பாட்டில் அப்பா சொன்னார்: “கருப்பனார்கிட்டப் பூக் கேட்டர்லாம். வெள்ளை வந்துச்சுன்னா தெரு வாயை மூடிக்கட்டும். செவப்பு வந்துச்சுன்னா, மாப்ள, நீ இந்த ஊட்டு வாசப்படி மிதிக்கப்படாது.” மாமா தட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். அம்மா ரசத்தை மாமாவின் மோரில் ஊற்றிவிட்டாள்.

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் புதிதல்ல. பெண் எடுக்கலாமா, கிணறு வெட்டலாமா என்று எதற்கும் கேட்பார்கள். வெள்ளை அரளி ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளி ஒரு பொட்டலத்திலும் வாழையிலையில் மடித்து நாரால் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். ஒரு குழந்தை வந்து ஒன்றை எடுக்கும். வெள்ளை என்றால் சாமி சம்மதம் என்று பொருள். சிவப்பு என்றால் எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கோயில் கிணற்றில் போட்டுவிடுவார்கள். அதைப் பிரித்துப் பார்த்தால் சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகிவிடும்.

பௌர்ணமியன்று போவதாக முடிவானது. அதற்கு முந்தின நாள் மத்தியானம் அம்மா, “தையக்காரம்மா ஊட்டுக்குப் போயிட்டு வாரேனுங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். எனக்குப் புதுப் பாவாடை என்று நினைத்துக் குதித்துக்கொண்டு போனேன். பஸ் தையல்காரம்மா வீட்டைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. கொல்லிமலை பெரிதாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில் இறங்கினோம். கருப்பனார் கோயில். அம்மா பூசாரியிடம் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினாள். பூசாரி மாட்டேன் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். பொங்கல் வைக்கிறதுக்கு இவ்வளவு பிகுவா என்று நினைத்துக்கொண்டு, ஆடுகள் பழைய மாலையைத் தின்பதை வேடிக்கை பார்க்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பூசாரி உள்ளே போய்விட்டார்.

பஸ் ஸ்டாப்பில் அம்மா எனக்கு ரோஸ் மில்க் வாங்கிக் கொடுத்தாள். “அப்பா கேட்டா, தையக்காரம்மா ஊட்டுல இல்லைன்னு சொல்லு சாமி” என்றாள். பொய் சொல்லக் கூடாது என்று அடிக்கடி சொல்கிறவள் சொன்ன பொய் என்பதால், இது வேறு வகையைச் சேர்ந்தது என்று எடுத்துக்கொண்டேன். பாவாடை இல்லை என்கிற வருத்தம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

பௌர்ணமியன்று ஒரு டெம்போவில் தெருவே வந்தது. பூசாரி வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தட்டில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். கார்னர் வீட்டு அக்கா மூக்கு தட்டில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். பிறகு பூசாரி உள்ளே போய், வழக்கப்படி முதுகைக் காட்டி உட்கார்ந்து பொட்டலம் மடித்தார். சம்பந்தப்பட்ட வீட்டுக் குழந்தைதான் எடுக்க வேண்டும் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“மாமனுக்கு மருமகளே எடுக்கறதுங்களா?” என்றார் கார்னர் வீட்டு அக்கா.

“கண்ணைக் கட்டிட்டாப் போவுது” என்றார் தலைமையாசிரியர்.

அக்காவே வந்து துண்டால் என் கண்ணைக் கட்டினார். தலையில் வலிக்கிற அளவுக்கு இறுக்கினார். எதிரே நின்று விரல்களைக் காட்டி எத்தனை என்று வேறு கேட்டார். தப்பான பொட்டலத்தை எடுத்துவிட்டால் மாமா வீட்டுக்கு வர முடியாது, அப்புறம் என்னை யார் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவார்கள். கருப்பனாரே, எது வெள்ளையோ அதை என் கையில் ஒட்ட வை என்று வேண்டிக்கொண்டு தடவினேன். முதலில் ஒன்று தட்டுப்பட்டது. அது வேண்டாம் என்று தோன்றி, இன்னும் தள்ளி இருந்ததை எடுத்தேன்.

நாரை அவிழ்க்கிற சத்தம். பிறகு குலவைச் சத்தம். கட்டை அவிழ்த்துவிட்டுப் பார்த்தால் பூசாரியின் உள்ளங்கையில் வெள்ளை. தலைமையாசிரியர் மாமாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அப்பா, என்னமோ அவரே தேர்தலில் ஜெயித்த மாதிரி, எல்லோரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மாமா சிரிப்பார், என்னைத் தூக்கிச் சுற்றுவார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் சாம்பலாகப் போயிருந்தது. அப்படியே சாமி முன்னால் குப்புற விழுந்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. தடுக்கி விழுந்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

அந்த நேரத்தில் கார்னர் வீட்டு அக்காவின் கண் கீழே கிடந்த இன்னொரு பொட்டலத்தின் மேல் போயிற்று. அவர் குனிவதற்குள் அம்மா அதை எடுத்துவிட்டாள். “நாங் கெணத்துல போட்டுட்டு வாரேங்க்கா” என்று சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் போனாள். சாமியைச் சந்தேகப்படுகிற தைரியம் அக்காவுக்கும் இல்லை.

மறுநாள் துவைக்கிற கல்லின் மேல் அம்மாவின் சேலை கிடந்தது. முந்தானை முடிச்சில் ஏதோ உருண்டையாக இருந்தது. மிட்டாயாக இருக்கும் என்று அவிழ்த்தேன். வாழையிலை, நார், உள்ளே வதங்கிப்போன அரளி. வெள்ளை. நான் எடுத்ததும் வெள்ளை, எடுக்காததும் வெள்ளை. சிவப்பு எங்கே போயிற்று என்று எனக்குப் புரியவில்லை. அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் கையிலிருந்த சோப்பு நழுவியது.

“சாமி மாத்தி வெச்சுருச்சு கண்ணு” என்றாள். “வெளிய சொன்னா பலிக்காமப் போயிரும்.”

நான் நம்பினேன். கருப்பனார் எவ்வளவு கெட்டிக்காரர், நான் எதை எடுத்தாலும் தப்பாகக் கூடாது என்று இரண்டையும் வெள்ளையாக்கியிருக்கிறார் என்று சந்தோஷப்பட்டேன். பூவை வாங்கி அடுப்பில் போட்டுவிட்டு அம்மா துவைக்கப் போனாள்.

அந்த வாரமே ஒரு நாள் காலையில் தெரு அதிர்ந்தது. மாமா ரிக் வண்டியை ஓட்டிக்கொண்டு வருகிறார். பின்னால் ஜேசிபி. அதற்கும் பின்னால் வெள்ளைக் கார். மைதானத்தில் முதலில் ஒரு போர் போட்டுத் தண்ணீர் எடுத்துவிட்டால் இடம் தன் கைவசம் இருப்பதாகக் காட்டிக்கொள்ளலாம் என்பது புரோமோட்டரின் கணக்கு. “நாஞ்சொன்னப்ப யாரு கேட்டீங்க?” என்று கார்னர் வீட்டு அக்கா தெருவில் நின்று கேட்டார். அப்பா பனியனோடு வாசலில் நின்றார். சாமி பொய் சொல்லிவிட்டதே என்று எனக்கு அழுகை வந்தது. அம்மா மட்டும் கையில் கரண்டியோடு மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிக் வண்டி மைதானத்துக்குள் நுழைகிற வழிக்கு வந்தது. பாதி நுழைந்தது. அப்புறம் முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம் என்று உறுமி, இரண்டு மதிலுக்கும் நடுவே குறுக்காகத் திரும்பி நின்றுவிட்டது. மாமா இறங்கி அடியில் புகுந்து ஏதோ செய்துவிட்டு, கிரீஸ் கையோடு வந்து புரோமோட்டரிடம் ரொம்பப் பணிவாகச் சொன்னார். “கிளட்ச் போயிருச்சுங்க.”

புரோமோட்டர் அப்போதும் சிரித்தார். மெக்கானிக்கை வரவழைத்தார். நாமக்கல் மெக்கானிக்குக்கு லாரியின் வயிற்றுக்குள் இருக்கிறதெல்லாம் அத்துப்படி. அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து, “இது கெட்டதில்லீங்க, கெடுத்தது” என்றார். மாமா சாவியை எங்கே வைத்தார், கழற்றிய சாமானை எங்கே போட்டார் என்று யாருக்கும் தெரியவில்லை. புரோமோட்டரின் சிரிப்பு நின்றதை அன்றைக்குத்தான் எங்கள் தெரு பார்த்தது. ஜேசிபி திரும்பிப் போனது. திருச்செங்கோட்டு முதலாளி வந்து மாமாவைத் தெருவே கேட்கத் திட்டி, வேலையை விட்டு நீக்கினார். அவர் ஆள் கூட்டிவந்து வண்டியை நகர்த்துவதற்குள் அப்பா கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கிவிட்டார்.

பிறகு என்ன, மாமா தெருவின் செல்லப்பிள்ளை. “சாமியே கை காட்டின ஆளு” என்று தலைமையாசிரியர் மேடை இல்லாமலே பேசினார். கார்னர் வீட்டு அக்கா அவருக்குப் பெண் பார்க்கக் கிளம்பினார். மாமா இதற்கெல்லாம் நிற்கவில்லை. வேறொரு ரிக்கில் வேலை தேடிக்கொண்டு வடக்கே போய்விட்டார்.

மைதானம் இன்னும் இருக்கிறது. வழக்கு முடிந்து, சுற்றி வேலி போட்டு, உடற்பயிற்சி செய்கிற இரும்புச் சாமான்களை நட்டுவிட்டார்கள். வேலிக் கதவின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதில் இப்போது புதிதாகச் சந்தேகம் நடக்கிறது. மாமா வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் எங்கள் வீட்டுக்கு வரமாட்டார். முதலில் கருப்பனார் கோயில், அப்புறம்தான் நாங்கள். அம்மாவைக் கூப்பிட்டால் முட்டி வலி என்பாள். அந்தப் பௌர்ணமிக்குப் பிறகு அவள் அந்தக் கோயில் பக்கமே போனதில்லை.

என் கல்யாணத்துக்கு முந்தின நாள், அந்த மைதானத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தபோது, மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சம்பந்தமே இல்லாமல் ஆரம்பித்தார். “சேதி சொன்னது நாந்தான் அம்முணி. இங்க கட்டற ஊட்டுக்கெல்லாம் போர் வேலை எனக்கேன்னு அந்த வெள்ளக் கார்க்காரன் சொன்னான், ஆசப்பட்டுட்டேன். சாமிக்குத் தெரியாதா? தெரிஞ்சும் வெள்ளையக் குடுத்துச்சு. அதுக்கப்பறம் எப்படிறா அந்த வண்டிய உள்ள ஓட்டறது?” கண்ணைத் துடைத்துக்கொண்டார். இரண்டு பொட்டலம் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நான் அதை விழுங்கிவிட்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்கள் இருவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனாள்.

கோயிலில் அன்று கூடியிருந்தவர்களில் மாமாவைச் சந்தேகப்படாத ஒரே ஆள் அம்மாதான் என்று நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு விதத்தில் அது சரியும்கூட. கேட்காமலே தம்பி தண்ணீர் தூக்கியபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்த பிறகு சந்தேகப்பட என்ன இருக்கிறது. அவன் மேல் கொஞ்சமாவது நம்பிக்கை மிச்சம் இருந்திருந்தால், அவள் கருப்பனாரிடம் ஒரு வெள்ளையை மட்டும் கேட்டிருப்பாள்.